மே மாதத்தில் ஃபோர்ட் வில்லியம் போகிறவர்கள்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், பென் நெவிஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஃபோர்ட் வில்லியம் என்ற சிறு நகரத்துக்கு, ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல் என்ற ஆறு நாள் போட்டிக்காகப் பிரிட்டனின் எல்லாத் திசைகளிலிருந்தும் மோட்டார் சைக்கிள் சங்கத்தினர் வேன்களில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து சேருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழாய் பொருத்துபவர்கள், விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள். ஆறு நாள் முழுவதும் சேற்றிலும் பாறையிலும் வண்டி ஓட்டிவிட்டு, பட்டியலின் நடுவிலோ அதற்கும் கீழேயோ தங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். வெல்ல மாட்டோம் என்பது அவர்களுக்குப் புறப்படும்போதே தெரியும். தெரிந்தும் ஏன் போகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவில் எழுத நினைக்கிறேன்.

யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் வேலை நிமித்தமாகக் குடியேறிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வழியாக உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. அங்கே பெரும்பாலும் புள்ளி குறிக்கும் அப்சர்வராக நிற்கிறேன். எளிய பாதையில் எப்போதாவது ஓட்டவும் செய்கிறேன். மோட்டார் சைக்கிள் போட்டி என்றால் வேகம் என்று எண்ணிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ட்ரையல்ஸ் விளையாட்டை விளக்குவது சற்றுக் கடினம், ஏனென்றால் இதில் வேகத்துக்குப் பரிசு இல்லை. ஓடைப்படுகை, செங்குத்தான பாறைச்சரிவு, வேர்கள் பின்னிய மரத்தடி போன்ற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் சில மீட்டர் தூரத்துக்கு எல்லை குறித்து, வலப்புறம் சிவப்பு அட்டையும் இடப்புறம் நீல அட்டையும் நட்டு, இவற்றுக்கு நடுவே காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டிக் கடந்துவிடு என்கிறார்கள். அந்தத் துண்டுக்குச் செக்‌ஷன் என்று பெயர். கால் படாமல் கடந்தால் இழப்பு பூஜ்யம். ஒருமுறை ஊன்றினால் ஒன்று, இருமுறை என்றால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ, நகர முடியாமல் நின்றுவிட்டாலோ ஐந்து. நான்கு என்ற எண்ணே கணக்கில் கிடையாது. நாள் முடிவில் யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவரே வென்றவர்.

நின்று யோசித்து மீண்டும் நகரலாமா, கூடாதா என்பதில் இரண்டு வகை விதிகள் இருக்கின்றன. ஒன்றில் வண்டி முன்னேறுவது நின்ற கணத்திலேயே ஐந்து புள்ளி போய்விடும்; மற்றொன்றில் குறித்த நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் நின்று, முன்சக்கரத்தைத் தூக்கித் தள்ளிவைத்து, பாதையைத் திருத்திக்கொள்ளலாம். இந்த இரண்டில் எது உண்மையான ட்ரையல்ஸ் என்று சங்கத்தினர் தேநீர்க் கோப்பையோடு மணிக்கணக்கில் வாதிடுவார்கள். நான் நிற்கக் கூடாது என்ற கட்சி. நிற்கலாம் என்று விட்டுவிட்டால் பயிற்சிக்கு நேரமும் இளமையும் உள்ளவர்களின் வித்தையாக அது மாறிவிடுகிறது. நிற்கக் கூடாது என்னும்போது, நிலத்தைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் அறுபது வயதுக்காரருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

வண்டியும் நாம் அறிந்த மோட்டார் சைக்கிள் போல இருக்காது. இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. ஓட்டுபவர் எப்போதும் நின்றுகொண்டே இருப்பார். எடை ஏறக்குறைய 70 கிலோ. பெட்ரோல் டேங்க் மூன்று லிட்டர்கூடக் கொள்ளாது. பின் டயரில் 4 பி.எஸ்.ஐ. அளவுக்கே காற்று இருக்கும், அதனால் அது பாறையின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கிப் பற்றிக்கொள்ளும். ஒற்றை விரலால் கிளட்ச்சைப் பிடித்தும் விட்டும், நடக்கும் வேகத்துக்கும் குறைவான வேகத்தில், கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி உடம்பை அசைத்துச் சமன் செய்வதுபோல இடுப்பையும் முழங்காலையும் அசைத்துக்கொண்டு ஏறுவார்கள். சுற்றிலும் அமைதி இருந்தால் சங்கிலி உரசும் சத்தம்கூடக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் உள்ளூர்ச் சங்கப் போட்டிதான் இந்த விளையாட்டின் அடித்தளம். நிலத்துக்குச் சொந்தக்காரரான விவசாயியிடம் பல வாரங்களுக்கு முன்பே அனுமதி வாங்கியிருப்பார்கள். ஆடுகள் குட்டி ஈனும் பருவம் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. சனிக்கிழமை ஒரு குழு மலையேறி அட்டைகளை நட்டுவைக்கும். ஒரே செக்‌ஷனுக்குள் கடினமான பாதை, எளிய பாதை என இரண்டு மூன்று வழிகளை நிறத்தால் பிரித்து அம்புக்குறி இடுவார்கள். தேர்ந்தவர் பாறையின் நெற்றியில் ஏறும்போது, பத்து வயதுச் சிறுமி மின்மோட்டார் பொருத்திய ஓசெட் வண்டியில் அதே பாறையைச் சுற்றிப் போவாள். பழைய இரட்டை ஷாக் அப்சார்பர் வண்டிகளுக்கு ஒரு பிரிவு, 1965க்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஒரு பிரிவு, நாற்பது வயது கடந்தவர்களுக்கு, ஐம்பது கடந்தவர்களுக்கு என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஓர் அப்சர்வர் நிற்காவிட்டால் போட்டியே கிடையாது. அதனால் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஆண்டில் சில ஞாயிறுகள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, மழைச்சட்டை போட்டுக்கொண்டு குறிப்புத்தாளுடன் நிற்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தை மதிக்காதவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் சங்கத்தில் அவருக்குப் பெரிய மரியாதை இருக்காது.

இப்படி வளர்ந்தவர்களுக்கு ஃபோர்ட் வில்லியம் பயணம் ஒரு யாத்திரைதான். அங்கே நடப்பது ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல். பேச்சுவழக்கில் வெறும் ‘ஸ்காட்டிஷ்’. எடின்பர்க் அண்ட் டிஸ்ட்ரிக்ட் மோட்டார் கிளப் நடத்துகிறது. 1909இல் ஐந்து நாள் போட்டியாகத் தொடங்கி, 1911இல் ஆறு நாளாக விரிந்து, இரண்டு உலகப் போர்களின்போது நின்று, மீண்டும் எழுந்தது. பல பத்தாண்டுகள் எடின்பர்க்கிலிருந்து புறப்பட்டு மலைநாட்டுக்கு ஓடி வந்த இந்தப் போட்டி, 1970களின் பிற்பகுதியிலிருந்து முழுக்க ஃபோர்ட் வில்லியமையே மையமாகக் கொண்டிருக்கிறது. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது நடக்கவில்லை. 2020இலும் 2021இலும் கொரோனாவால் நடக்கவில்லை. மற்றபடி, மே மாதம் பனிக்கட்டி பெய்தாலும் நடக்கும்.

இடம் கேட்டு விண்ணப்பிப்பவர்கள் இருக்கும் இடங்களைவிட அதிகம் என்பதால் குலுக்கலில்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய 280 பேருக்கு இடம் கிடைக்கும். குலுக்கல் முடிவு வரும் வாரத்தில் எங்கள் சங்கத்து ஆட்களின் முகத்தைப் பார்த்தே யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். கிடைக்காதவர்களும் பெரும்பாலும் கூடவே வருவார்கள். ஒரு வேனில் நான்கு பேர் போனால் அதில் இருவர் ஓட்டுவார்கள். மற்ற இருவர் அப்சர்வராக நிற்கவோ, சமைக்கவோ, ஈரமான உடைகளைக் காயவைக்கவோ, மாலையில் வரும் வண்டியின் சேற்றைக் கழுவவோ வருவார்கள். டீசல் செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம்; வேன் யாருடையதோ அவருக்கு அதிலிருந்து விலக்கு.

வேனுக்குள் பொருட்களை ஏற்றுவதிலேயே ஒரு தேர்ச்சி இருக்கிறது. வண்டிகளைக் கைப்பிடி இடிக்காதவாறு தலைமாற்றி நிறுத்தி, முன் ஃபோர்க்கை முழுக்க அமுங்கவிடாமல் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு டயர்கள், கிளட்ச் தகடுகள், பிரேக் லீவர்கள், சங்கிலி, ஏர் ஃபில்டர்கள், ஒருவருக்கு இரண்டு மூன்று ஜோடி பூட்ஸ். ஆனால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முடியாது. போட்டிக்கு முந்தைய நாள் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது சட்டகம், எஞ்சின், சக்கரத்தின் ஹப் போன்ற முக்கியப் பாகங்களில் வண்ணக் குறியிடுவார்கள். அவற்றோடேயே ஆறாம் நாள் திரும்ப வேண்டும். இரவில் வண்டிகள் எல்லாம் வேலியிட்ட காவலுக்குள் நிற்கும். யாரும் தொட முடியாது. அன்றாடப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கும் சொற்ப நேரத்துக்குள் டயரைக் கழற்றி மாட்டும் வேகத்தைப் பார்த்தால், ஓட்டும் திறமையைவிட அதுதான் பெரிதோ என்று தோன்றும்.

இன்னொன்றும் இருக்கிறது. செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் போவதற்குப் பொதுச்சாலையிலும் ஓட்ட வேண்டியிருப்பதால் வண்டிக்கு முறையான பதிவெண்ணும் காப்பீடும் வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். உள்ளூரில் வயலுக்குள்ளேயே ஓட்டிப் பழகிய வண்டிக்கு எண்பலகையும் ஹார்னும் பொருத்துவதற்கே சிலருக்குக் குளிர்காலம் முழுவதும் போய்விடுகிறது. இருக்கை இல்லாத வண்டியில் ஒரே நாளில் நூறு மைல் வரை போக வேண்டிய நாட்களும் உண்டு என்பதால், சிறிய பஞ்சு இருக்கை ஒன்றைத் தற்காலிகமாகக் கட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று லிட்டர் டேங்க் இத்தனை தூரம் தாங்காது; வழியில் எரிபொருள் நிறுத்தங்கள் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து போகும் வழி கார்லைலைத் தாண்டி, கிளாஸ்கோவின் ஓரமாகச் சென்று, ஏ82 சாலையைப் பிடிக்கும். லாக் லோமண்ட் ஏரிக்கரையில் அந்தச் சாலை மிகக் குறுகியது. எதிரே பேருந்து வந்தால் வேன் ஓட்டுபவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். டைன்ட்ரம் என்ற சிற்றூரில் எல்லா வேன்களும் நிற்கும். யார் எந்த வண்டியை இந்த ஆண்டு வாங்கியிருக்கிறார்கள் என்று பின்கதவு வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வதற்கும், சூப் குடிப்பதற்கும் அதுதான் இடம். அதற்குப் பிறகு ரானக் மூர் என்ற பரந்த சதுப்புவெளி. சாலையிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் அந்தக் கரிய நிலத்தில்தான் இரண்டொரு நாளில் சக்கரம் அச்சு வரை புதையப்போகிறது என்பது முன்னரே ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே வேனுக்குள் பேச்சு குறைந்துவிடும். கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, பலாஹூலிஷ் பாலத்தைக் கடந்தால் ஃபோர்ட் வில்லியம்.

திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு நாளும் சுமார் 30 செக்‌ஷன்கள். ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவார்கள். யாரும் எப்போதும் முதலில் போகவோ எப்போதும் கடைசியில் போகவோ நேராதபடி புறப்படும் வரிசையை நாள்தோறும் சுழற்றிவிடுவார்கள். முதலில் போகிறவர்களுக்குப் பாசி பிடித்த, ஈரமான, யாரும் தொடாத பாறை. பின்னால் போகிறவர்களுக்கு டயர் தேய்த்துப் பாசியை நீக்கிய பாறை, ஆனால் குழம்பிய சேறு. எது நல்லது என்பது நிலத்தைப் பொறுத்தது. ஒரு செக்‌ஷனில் வரிசை நீண்டுவிட்டால் அங்கே இழந்த நேரத்தைச் சதுப்பில் வேகமாக ஓடித்தான் ஈடுகட்ட வேண்டும். தாமதத்துக்கும் புள்ளி போகும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் செக்‌ஷன்களை மட்டும் பார்க்கிறார்கள். உடம்பை முறிப்பது அவற்றுக்கு நடுவே உள்ள மைல்கள்தான் என்று ஓட்டியவர்கள் அனைவரும் சொல்வார்கள்.

புகழ்பெற்ற செக்‌ஷன்களில் ஒன்று கின்லாக்லெவன் ஊரின் மேலே உள்ள பைப்லைன். பிளாக்வாட்டர் அணையிலிருந்து அந்த ஊரின் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுப்பதற்காகத் தண்ணீர் கொண்டுவந்த பெருங்குழாய்களை ஒட்டி நேராக மேலேறும் உருளைக்கற்சரிவு அது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குழாய்கள் இருக்கின்றன, செக்‌ஷனும் இருக்கிறது. அங்கே கூட்டம் இரு மருங்கிலும் சுவர் போல நின்று ஆரவாரம் செய்யும். என் விருப்பம் வேறு. சாலையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் மட்டுமே சென்றுசேரக்கூடிய, பெயர்கூட அதிகம் பேர் அறியாத ஓடைச் செக்‌ஷன்களில் அப்சர்வராக நிற்பதையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அங்கே வருகிறவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓடைக்குள் நடந்து ஒவ்வொரு கல்லையும் காலால் அசைத்துப் பார்த்து, எது உருளும், எது உருளாது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, மீண்டும் ஏறி வருவதை அருகிலிருந்து முழுமையாகப் பார்க்கலாம்.

முதல் பத்தியில் எழுப்பிய கேள்விக்கு விடை எனக்கு அப்படி ஓர் ஓடையில்தான் கிடைத்தது. டக்கி லாம்ப்கின் என்ற பெயரை ட்ரையல்ஸ் அறிந்தவர்கள் யாரும் அறியாமல் இருக்க முடியாது. வெளியரங்கிலும் உள்ளரங்கிலும் சேர்த்து 12 உலகப் பட்டங்கள். ஸ்காட்டிஷ் போட்டியை மட்டும் 12 முறை வென்றவர். 2016இல் மேன் தீவின் 37 மைல்களுக்கும் அதிகமான டி.டி. பந்தயச் சுற்றுப்பாதை முழுவதையும் பின்சக்கரத்திலேயே ஓட்டி முடித்தவர். அவருடைய தந்தை மார்ட்டின் லாம்ப்கின் 1975இல் முதன்முதலாக நடந்த உலக ட்ரையல்ஸ் போட்டித்தொடரின் சாம்பியன். அடுத்த மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஸ்காட்டிஷையும் வென்றார். யார்க்‌ஷயரின் சில்ஸ்டன்காரர்கள், அதாவது எங்கள் மாவட்டத்து ஆட்கள். ஸ்காட்டிஷில் இப்படிப்பட்டவர் கடக்கும் அதே ஓடையை, அதே நாளில், அதே எல்லை அட்டைகளுக்கு நடுவே, எங்கள் ஊர்க் குழாய் பொருத்துபவரும் கடக்கிறார். இங்கே எளிய பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. சாம்பியனுக்கு எந்தக் கல்லோ அதே கல்தான் இவருக்கும். சாம்பியன் ஆறு நாளில் இழக்கும் புள்ளிகள் பெரும்பாலும் இரண்டு இலக்கத்துக்குள் நின்றுவிடும். இவருடைய கணக்கு மூன்று இலக்கத்தில் எங்கோ போய் நிற்கும். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட செக்‌ஷன்களில் ஏதோ ஒன்றில், உலக சாம்பியன் காலை ஊன்றிய இடத்தில் இவர் ஊன்றாமல் கடந்திருப்பார். அந்த ஒன்றை அவர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார். யார் கேட்டாலும் எந்தக் கல்லின் எந்தப் பக்கம் போனார் என்று சொல்வார். வேறு எந்த மோட்டார் விளையாட்டிலும் வார இறுதி ஆட்டக்காரருக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு கதையும் இந்த மலைகளில் இருக்கிறது. 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கோப்பை ட்ரையலில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் புதிய புல்லட்டின் மாதிரி வண்டிகளை இறக்கியது. பின்சக்கரத்துக்கு ஸ்விங்ஆர்ம் என்ற மேலும் கீழும் அசையும் கையும் ஷாக் அப்சார்பரும் பொருத்திய வண்டிகள் அவை. அக்காலத்து ட்ரையல்ஸ் வீரர்கள் இதைச் சந்தேகத்துடன் பார்த்தார்கள். பின்பக்கம் விறைப்பாக இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பாறையைவிட்டு எகிறாமல் சக்கரம் நிலத்தோடு ஒட்டியிருக்கத் துணைசெய்வது நெகிழும் பின்பக்கமே என்பதைப் புல்லட் செய்துகாட்டியது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் பிரிட்டிஷ் அணி கோப்பையை வென்றபோது, அந்த அணியில் புல்லட் ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் விக் பிரிட்டன். அவருடைய மகன் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் புல்லட்டிலேயே ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் போட்டியை வென்றார். 1955இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் நிலைகொண்ட தயாரிப்பு, இந்த மலைகளில் சோதிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த வண்டியைத்தான் நம் சாலைகளுக்குக் கொடுத்தது. 2019இல் இந்தியாவில் ‘புல்லட் ட்ரையல்ஸ்’ என்ற பெயரில் 350, 500 சி.சி. வண்டிகள் அந்த நினைவாக விற்பனைக்கு வந்து, வெகுசீக்கிரமே நின்றும் போயின. இன்றைய ட்ரையல்ஸ் வண்டியைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் எடையுள்ள அவற்றைப் பைப்லைனில் ஏற்ற நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கின்லாக்லெவனில் ஸ்காட்டிஷுக்குச் சற்று முன்பாக, 1965க்கு முந்தைய வண்டிகளுக்கென்று தனியாக நடக்கும் இரண்டு நாள் போட்டியைப் பார்க்கப் போகும் நம்மவர் எவருக்கும், அங்கே மற்றப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு நடுவே ஒரு புல்லட்டின் ஓசை கேட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் எப்படி முடிந்தது என்பதும் ஸ்காட்டிஷின் கதைதான். பெல்ஃபாஸ்டில் பிறந்த சாமி மில்லர், ஜி.ஓ.வி. 132 என்ற பதிவெண் கொண்ட ஏரியல் வண்டியில் ஆண்டுக்கணக்காக வென்றுகொண்டிருந்தார். 1964இன் இறுதியில் அவர் ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்துக்கு மாறி, அவர்களுக்காக உருவாக்கிக் கொடுத்த ஷெர்ப்பா என்ற எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியில் 1965இல் ஸ்காட்டிஷை வென்றார். அதற்குப் பிறகு கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இன்றும் சங்கத்து வேன்களில் நிற்கும் மான்டெசா, கேஸ் கேஸ், டி.ஆர்.எஸ். எல்லாம் பார்சிலோனாவைச் சுற்றிய கட்டலோனியாவில் வேர்கொண்டவை என்றால், அதன் தொடக்கம் அந்த ஒரு மனிதரின் இடமாற்றத்தில் இருக்கிறது. ஹாம்ப்‌ஷயரின் நியூ மில்டனில் அவர் அமைத்த அருங்காட்சியகத்துக்கும் எங்கள் சங்கத்தினர் வேன் கட்டிக்கொண்டு போவதுண்டு. அது தனிப் பயணம்.

மற்றப் பயணங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அக்டோபரில் எங்களுக்கு அருகிலேயே ஸ்வேல்டேல் பகுதியில் ஸ்காட் ட்ரையல் நடக்கிறது. ஷிப்லியில் மோட்டார் சைக்கிள் ஆலை வைத்திருந்த ஆல்ஃப்ரெட் ஆங்கஸ் ஸ்காட், 1914இல் தன் தொழிலாளர்களை டேல்ஸ் மலைகள் வழியாகப் பர்ன்சால் வரை ஓட்டிக்காட்டச் சொன்ன சவால்தான் அதன் தொடக்கம். இதில் வேகமும் நேரடியாகக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. மிக வேகமாக முடித்தவருக்குப் பின்னால் எத்தனை நிமிடம் தாமதமோ அத்தனை புள்ளிகள் போகும். ஸ்காட்டிஷைவிட இதுதான் கடினம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வதை நான் ஊர்ப்பற்றின் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். 1901இல் நிறுவிய மோட்டார் சைக்கிளிங் கிளப் நடத்தும் எக்ஸிட்டர், லேண்ட்ஸ் எண்ட், எடின்பர்க் ஆகிய மூன்று நெடுந்தூர ட்ரையல்கள் வேறு ரகம். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாகவே இரவு முழுவதும் சாலையில் ஓடி, இடையிடையே செங்குத்தான மண்பாதைகளில் ஏறுகின்றன. தூக்கத்தோடு போராடுவதே அதில் பாதி.

போட்டி எதுவும் இல்லாத ட்ரெயில் ரைடிங் பயணங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய வண்டிப் பாதைகள், மந்தைப் பாதைகள் பல, சட்டப்படி மோட்டார் வண்டிகளுக்கும் திறந்திருந்தன. 1970இல் தொடங்கிய ட்ரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப் இந்த உரிமையைக் காப்பதற்காகவே இருக்கிறது. 2006இல் வந்த சட்டம், ஆவணத்தில் தெளிவாகப் பதிவாகாத பாதைகள் பலவற்றில் மோட்டார் வண்டிகளுக்கு இருந்த உரிமையை ஒரேயடியாக முடித்துவைத்தது; மிஞ்சியவற்றிலும் சிலவற்றைத் தேசியப் பூங்கா நிர்வாகங்கள் தனி ஆணைகளால் மூடியிருக்கின்றன. சங்கத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் கோபம்தான் மிஞ்சும். எனக்கு அந்தக் கோபத்தில் முழு உடன்பாடு இல்லை. நடைபயணிகள் சொல்லும் குறைகளில் உண்மையும் இருக்கிறது: சைலன்சரை மாற்றிச் சத்தம் எழுப்பிக்கொண்டு பெருங்கூட்டமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள், மழைக்காலத்தில் பீட் என்ற சதுப்பு மண்ணில் விழுந்த ஒரு சக்கரத்தடம் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதே நேரத்தில், ஐந்தாறு பேருக்கு மேல் சேராமல், எதிரே குதிரை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஓரமாக நின்று, திறந்த வாயிற்கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லும் எங்கள் ஆட்களை, அந்தக் கூட்டத்தோடு ஒரே தட்டில் வைப்பதும் நியாயமில்லை. வேல்ஸின் ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா பாதையில், ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்து, இடுப்பளவு நீர் நிற்கும் குழிகளுக்குள் இறங்கியேறும் அனுபவம் அடுத்த தலைமுறைக்கும் இருக்க வேண்டும் என்றால், சத்தத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். மின்மோட்டார் வண்டிகள் இந்த இடத்தில் உதவக்கூடும். சிறுவர்களின் ஞாயிற்றுப் போட்டிகளில் அவை ஏற்கெனவே இயல்பாகிவிட்டன. ஸ்காட்டிஷில் ஒரு முழுநாளின் மைல்களைத் தாங்குவதே அவற்றுக்குப் பெரிய தேர்வு.

பிரிட்டனில் இருக்கும் தமிழர்கள் யாரேனும் இதைப் பார்க்க விரும்பினால், ஸ்காட்டிஷை மலையில் நின்று பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டு எதுவும் வேண்டாம். நிகழ்ச்சிக் கையேட்டை வாங்கினால் எந்த நாளில் எந்தச் செக்‌ஷன், எங்கே வண்டியை நிறுத்தி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். அந்த வாரத்தில் ஊருக்குள் கடைசி நேரத்தில் அறை கிடைக்காது. முழங்கால் வரை நீளும் ரப்பர் பூட்ஸ் அவசியம். செக்‌ஷனின் எல்லை நாடாவுக்கு வெளியே நில்லுங்கள், ஓட்டுபவர் காலால் தேர்ந்து வைத்திருக்கும் கல்லை அசைத்துவிடாதீர்கள். வண்டி கவிழ்ந்து ஓடைக்குள் உருண்டால், ஓட்டுபவர் கேட்கும் முன்பே நான்கைந்து பேர் இறங்கித் தூக்கிவிடுவார்கள். நீங்களும் இறங்கலாம், எக்ஸாஸ்ட் குழாயை மட்டும் தொடாதீர்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தை அணுக இன்னும் எளிய வழி, ஒரு ஞாயிறு அப்சர்வராக நிற்கிறேன் என்று அதன் செயலாளருக்கு எழுதுவது. மறுக்க மாட்டார்கள், எல்லாச் சங்கங்களிலும் ஓட்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நிற்பதற்குத்தான் ஆள் போதவில்லை.